விளக்கம் இல்லை

நூர் பாஷாவுக்கு ஆள் முகம் மறந்துபோகும், கையெழுத்து மறக்காது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவன் யாராவது ஓடி வந்து வணக்கம் வைத்தால் திருதிருவென்று விழிப்பார். அவனே ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிக் காட்டினால் போதும், "அட, எழுத்துக்கு எழுத்து வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்துவுடுவியே, அந்த ஆண்டிதானே நீ?" என்று தோளில் தட்டுவார். அப்பன் கையெழுத்தைத் தாங்களே போட்டு லீவு லெட்டர் கொண்டுவரும் வீரர்கள் அவர் வகுப்பில் மட்டும் அந்த வீரத்தைக் காட்டுவதில்லை.

அவருடைய அப்பா பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். வீட்டில் பேச்சு உருது, தெருவில் தமிழ். அந்த வீட்டிலிருந்து கிளம்பி, பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியராக உட்கார்ந்தார் நூர் பாஷா. யார் சிபாரிசும் இல்லாமல், யார் காலிலும் விழாமல், ஒரு பரீட்சையிலும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்காமல் வந்தோம் என்பதில் அவருக்குக் கர்வம் உண்டு. கர்வம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதை அவர் சட்டைப்பையில் பேனாவைக் குத்திக்கொள்வது மாதிரி ஊருக்கே தெரியும்படி குத்திக்கொண்டு திரிந்தார். பின்னால் நடந்ததெல்லாம் அந்தக் கர்வத்தில்தான் தொடங்கியது.

எண்பத்திரண்டாம் வருஷம் ஒரு பல்கலைக்கழகம் அவருக்குக் கடிதம் போட்டது. அஞ்சல் வழிக் கல்வி சூடுபிடித்திருந்த நேரம் அது. பாடங்கள் அச்சடித்துக் கட்டாகத் தபாலில் வரும். மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே படித்து, கேள்விகளுக்கு விடை எழுதி, பெயரும் விலாசமும் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்குப் பயிற்சித்தாள் என்று பெயர். வருஷத்துக்கு ஆறு தாள் அனுப்பி மார்க் வாங்கினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வரும். மாவட்டத்து வரலாற்று மாணவர்களின் தாள்களைத் திருத்துகிற வேலையை நூர் பாஷாவுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அவருடைய பள்ளியிலேயே பரீட்சை மையமும் வந்தது. அதற்கு முதன்மைக் கண்காணிப்பாளரும் அவர்தான்.

படித்தவர்கள் எல்லாம் யார் என்கிறீர்கள்? போலீஸ்காரர், கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர், வத்தல்மலையிலிருந்து நடந்தே இறங்கி வரும் ஓராசிரியர் பள்ளி வாத்தியார், கல்யாணத்தோடு படிப்பை விட்ட பெண்கள். பாதிப்பேர் உண்மையாகவே படித்தார்கள். மீதிப்பேருக்குப் பட்டம் வேண்டும், பதவி உயர்வு வேண்டும், படிப்புதான் வேண்டாம். தொப்பூர்ப் பக்கம் லாரி ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஆள் முப்பது பேருக்குப் பயிற்சித்தாள் எழுதித் தள்ளினான். தாளை எழுதியவன் ஒருவன், பரீட்சைக்கு வந்து உட்காருபவன் இன்னொருவன், பட்டத்தை மாட்டிக்கொள்பவன் மூன்றாமவன் என்று நடந்த கூத்தும் உண்டு. ஹால் டிக்கெட்டில் போட்டோ ஒட்டும் வழக்கம் அப்போது இல்லை. அடையாளம் என்று இருந்தது ஒரு நம்பர் மட்டும்.

பல்கலைக்கழகம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நூர் பாஷா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு மாணவரின் பயிற்சித்தாளிலிருந்தும் ஒரு பக்கத்தை எடுத்து, நம்பர் வாரியாக அடுக்கி, ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்தார். பரீட்சை அன்று பெட்டியைத் திறந்து, எழுதுகிறவர் பக்கத்தில் போய் நின்று, அந்தப் பக்கத்தையும் பரீட்சைத் தாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். எழுத்து ஒத்துப்போனால் அடுத்த பெஞ்சு. ஒத்துப்போகாவிட்டால் தலைமையாசிரியர் அறை.

எண்பத்திநாலு ஏப்ரலில், முதல் வருஷத்திலேயே, பதினோரு பேரைப் பிடித்தார். யூனியன் ஆபீஸ் எழுத்தர் பச்சியப்பன் அதில் ஒருவர். அவருடைய தாள்களை எழுதியவன் அந்தத் தொப்பூர் ஆள். "சார், வேலை ஜாஸ்திங்க. ஒரு தடவ பாத்து வுடுங்க" என்று பச்சியப்பன் கெஞ்சினார். நூர் பாஷா பேனாவின் மூடியைக்கூட மூடாமல் படிவத்தை நிரப்பினார். பச்சியப்பனுக்கு மூன்று வருஷத் தடை. பல்கலைக்கழகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதை ஒரு பாலிதீன் உறையில் போட்டு, அதே தகரப் பெட்டியில் எல்லாத் தாள்களுக்கும் மேலாக வைத்தார்.

அந்தத் தாள்களில் ஒருவருடையதை மட்டும் அவர் கட்டின் அடியில் வைத்துக் கடைசியில்தான் திருத்துவார். நல்ல பண்டத்தைக் கடைசியில் தின்பது போல. கடத்தூர், அஸ்கரி பேகம் என்று விலாசம் இருக்கும். சின்னச் சின்ன, உருண்டையான, கோடு போட்டது போல நேரான எழுத்து. எழுத்தைவிட எழுதிய விஷயம்தான் அவரைப் பிடித்து உட்காரவைத்தது. பஞ்சத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் அச்சுப் பாடத்தைத் திருப்பி ஒப்பிப்பார்கள். இந்தப் பெண் தானியம் எந்தக் கிடங்கில் கிடந்தது, பூட்டு யார் கையில் இருந்தது என்று எழுதுவாள். அவரும் சிவப்பு மையில் ஓரத்தில் வாதாடுவார். ஒருமுறை, "காரணங்களைச் சொல்லிவிட்டீர்கள். விளைவு யாருக்கு?" என்று எழுதினார். அடுத்த தாளில் அதற்கு ஒரு பக்கம் பதில் வந்தது. மூன்று வருஷம் அப்படிப் போனது. முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனால் அந்த எழுத்தை அவர் நன்றாக அறிவார், அல்லது அறிவோம் என்று நினைத்திருந்தார்.

அஸ்கரி முதல் இரண்டு வருஷப் பரீட்சையைச் சேலத்தில், சித்தப்பா வீட்டில் தங்கி எழுதினாள். சித்தப்பா வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டதால் கடைசி வருஷத்துக்குத் தர்மபுரி மையம். எண்பத்தைந்து ஏப்ரல், முதல் தாள் அன்று பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நூர் பாஷாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கண்டிப்புக்கு நடுவில் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மணி பதினொன்றுக்குப் பெட்டியிலிருந்து அவளுடைய பக்கத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போனார்.

கறுப்பு புர்கா, முகம் திறந்திருந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும். தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய எழுத்து, இடது பக்கம் சாய்ந்து, காற்றடித்த சோளத்தட்டு மாதிரி. கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். உருண்டை எழுத்து. மறுபடியும் பார்த்தார். மூன்று வருஷமாகத் தன்னை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்ற எண்ணம் அவருடைய மண்டையில் ஏறிய வேகத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பச்சியப்பன் ஏமாற்றியபோது வராத கோபம் அது. மனசுக்குப் பிடித்தவர் ஏமாற்றினால் வருகிற கோபம். அந்த ஆத்திரத்தில் அவர் எழுத்தைத்தான் பார்த்தார். அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒரு வரி படித்திருந்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்கும். படிக்கவில்லை.

நேரம் முடிந்து தாளை வாங்கியதும் அவளைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் போனார். சாட்சிக்கு ஓவிய ஆசிரியர் கிருஷ்ணப்பனும் வந்து உட்கார்ந்தார். நூர் பாஷா மேசைமேல் அந்தப் பக்கத்தை வைத்தார்.

"இது யார் எழுதுனதும்மா?"

அவள் பயப்படவில்லை. அதுதான் பரிதாபம். இவர்தான் சிவப்பு மைக்காரர் என்று தெரிந்து, பார்த்ததில் சந்தோஷப்பட்டவள் போல இருந்தாள்.

"பதில் என்னுதுங்க சார். அதைப் பாத்துப் பிரதி எடுத்தது என் தம்பி அக்பர் அலிங்க. கடத்தூர்ல தையல் கடை வெச்சிருக்கான்."

"ஏன், உங்களுக்குக் கை இல்லையா?"

"எங்க அப்பா வுடலைங்க சார். பேரும் விலாசமும் போட்டு, வூட்டுப் பொம்பள எழுத்து தபால்ல போகக் கூடாதுன்னுட்டாரு. அது பத்துப் பேர் கை மாறும், கண்டவங்க வெச்சிக்குவாங்கன்னு. படிக்கறதுன்னா இதுக்கு ஒத்துக்கோன்னாரு. பரீட்சைத் தாள்ல பேரு இல்லைங்களே, வெறும் நம்பர்தானே. அதனால இங்க மட்டும் என் கையால எழுதறனுங்க. நோட்டெல்லாம் வூட்ல இருக்குது. வேணும்னா நாளைக்கே எடுத்துட்டு வரச் சொல்றனுங்க."

மாவட்டத்தில் எத்தனை கண்காணிப்பாளர் இருந்தார்களோ, அத்தனை பேரில் இதைக் கேட்டவுடன் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நூர் பாஷாதான். எல்லா முஸ்லிம் வீட்டிலும் இந்த வழக்கம் கிடையாது. ஆனால் அவர் பிறந்த வீட்டில் இருந்தது. அவருடைய அம்மா ஜான் பீக்கு உருது எழுத வரும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுத வேண்டுமானால் பலகையில் எழுதுவாள். மகன் நூர் பாஷா அதைப் பார்த்துக் காகிதத்தில் எழுதுவார். பிறகு ஜான் பீ பலகையை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அவள் சாகும்போது அவள் எழுத்து என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வீட்டில் இல்லை. கையெழுத்துகளை மறக்காத மனிதருக்கு அம்மாவின் கையெழுத்து மட்டும் நினைவில் இல்லை.

இதெல்லாம் அந்த அறையில் அவருக்கு நினைவு வந்தது. வரவில்லை என்று அவர் ஒருநாளும் பொய் சொல்லிக்கொள்ளவில்லை.

வாசலில் பச்சியப்பன் நின்றுகொண்டிருந்தார். பரீட்சை எழுத வந்த மச்சானைக் கூட்டிப்போக வந்தவர், ஆள் ஒன்று அகப்பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வராந்தாவுக்கே வந்துவிட்டார். யாரிடமோ பேசுவது போல உள்ளே கேட்கும்படி சொன்னார்:

"நம்மளைன்னா ஒரு வார்த்தை பேசவுடல. இப்ப அவுரு ஜனம் மாட்டிக்கிச்சு. என்னா பண்றாருன்னு பாப்பம்யா. ஊருக்கு ஒரு சட்டம், பாய் வூட்டுக்கு ஒரு சட்டமா இருக்கும்."

நூர் பாஷாவின் காது சிவந்தது. படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

அஸ்கரிக்கு அப்போதுதான் விபரீதம் உறைத்தது. "சார், கிருஷ்ணகிரியில ஒரு பொண்ணுங்க விடுதி இருக்குதுங்க. வார்டன் வேலை தர்றன்னு சொல்லியிருக்காங்க, தங்கறதுக்கு ரூமும் உண்டு. ஜூலை ஒண்ணாந்தேதிக்குள்ள டிகிரி முடிச்சதுக்குச் சீட்டு காட்டணும். வூட்டுக்காரர் தொப்பூர்க் கணவாயில லாரி கவுந்து போயிட்டாரு. ரெண்டு பொண்ணுங்க. அப்பா வூட்ல எத்தனை நாளைக்கு இருக்க முடியும்? இந்த வேலையை நம்பித்தான் சார் மூணு வருஷமா படிச்சேன்."

"விசாரணைக் கமிட்டி இருக்குது. அவங்க பாத்துக்குவாங்க. கீழ கையெழுத்துப் போடுங்க."

படிவத்தின் நடுவில் 'மாணவரின் விளக்கம்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவள் அதைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் சொன்னதை இதுல எழுதிக்குவீங்களா சார்?"

"மத்ததை நான் எழுதிக்கறேன். நீங்க போடுங்க."

அவள் நம்பிப் போட்டாள். மூன்று வருஷம் சிவப்பு மையில் நியாயம் பேசிய மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? அவள் போன பிறகு நூர் பாஷா அந்தக் கட்டத்தில் இரண்டே வார்த்தை எழுதினார்: விளக்கம் இல்லை.

கிருஷ்ணப்பன் எட்டிப் பார்த்தார். "சார், அந்தம்மா அவ்வளவு சொல்லிச்சிங்களே?"

"இதையெல்லாம் எழுதுனா, விளக்கத்தை நானே சொல்லிக் குடுத்தன்னு பேசுவாங்க. வெளிய நிக்கறவன் வாயைப் பாத்தீங்க இல்ல? கமிட்டியில அந்தம்மாவைக் கூப்புட்டுக் கேப்பாங்க. அங்க சொல்லிக்கட்டும்."

கிருஷ்ணப்பன் நல்ல மனிதர், ஆனால் வம்புக்குப் போகாத மனிதர். சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

மீதித் தாள்களையும் அஸ்கரி வந்து எழுதி முடித்தாள். கமிட்டி யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. தூரத்திலிருந்து நடத்துகிற பல்கலைக்கழகம் அது. பாடத்தைப் போலவே தண்டனையையும் தபாலில்தான் அனுப்பும். ஜூன் முதல் வாரம் உத்தரவு வந்தது. மாணவி குற்றத்துக்கு விளக்கம் எதுவும் அளிக்காததால், இறுதியாண்டுப் பரீட்சை முழுவதும் ரத்து, மூன்று வருஷத் தடை. நூர் பாஷாவுக்கும் ஒரு நகல் வந்தது.

அதைப் படித்துவிட்டு அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவி சுல்தானா என்னவென்று கேட்டாள். சொன்னார், அந்தக் கட்டத்தைப் பற்றித் தவிர எல்லாவற்றையும். சுல்தானா, "உங்க அம்மா இன்னிக்கு இருந்து பரீட்சை எழுதியிருந்தா அவங்களையும் பிடிச்சிருப்பீங்க" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடத்தூர் பஸ் ஏறினார்.

வீட்டில் அஸ்கரியின் அப்பா நசீருதீன் இருந்தார். புளி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மரியாதையாக நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். "மாஸ்டர் சாப், நான் அப்பவே சொன்னனுங்க. எழுத்து வெளிய போனா அவமானம்தான் வரும்னு. வந்துருச்சு பாத்தீங்களா? பேரோட பேப்பர்ல ஆர்டர் போட்டு அனுப்பியிருக்காங்க, தபால்காரன் படிச்சிட்டுத்தான் குடுக்கறான்" என்றார். அவர் குரலில் மகளுக்காக வருத்தம் இருந்தது. தான் சொன்னது பலித்துவிட்டது என்ற திருப்தியும் கூடவே இருந்தது.

அக்பர் அலி உள்ளே போய் ஒன்பது நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். இருபத்திரண்டு வயது இருக்கும், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. நூர் பாஷா முதல் நோட்டைத் திறந்தார். இடது பக்கம் சாய்ந்த பெரிய எழுத்து. அடித்தல், திருத்தல், மேலே செருகல். அவர் ரசித்துப் படித்த ஒவ்வொரு வாக்கியமும் அங்கே பிறந்த கோலத்தில் இருந்தது. ஓரங்களில் சிவப்பு மை வேறு. திருத்தி அனுப்பிய தாள் திரும்பி வந்ததும், அவருடைய குறிப்புகளையெல்லாம் அவள் தன் கையால், தன் நோட்டில், சிவப்பிலேயே எழுதி வைத்திருந்தாள். 'விளைவு யாருக்கு?' என்பதும் அதில் இருந்தது. அதற்குமேல் அவரால் புரட்ட முடியவில்லை.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அஸ்கரியின் குரல் வந்தது.

"சார், ஆர்டர்ல விளக்கம் குடுக்கலைன்னு போட்டிருக்குதே. நான் சொன்னதை எழுதுனீங்கதானே?"

மனிதன் விழுவதற்குப் பெரிய பள்ளம் தேவையில்லை.

"எழுதுனேம்மா," என்றார் நூர் பாஷா. "அவங்கதான் கவனிக்கல போலிருக்குது. நான் போய்ப் பேசறேன்."

"ஒண்ணாந்தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்குதுங்க சார்."

"தெரியும்மா."

நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மறுவாரமே பல்கலைக்கழகத்துக்குப் போனார். பரீட்சைப் பிரிவில் ராஜப்பன் என்ற அலுவலகக் கண்காணிப்பாளர் கோப்பை எடுத்து விரித்து, நோட்டுகளையும் பார்த்தார். "பொண்ணு மேல தப்பில்லைங்கறது எனக்கே தெரியுது சார். ஆனா இதைப் பாருங்க" என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நூர் பாஷாவின் எழுத்து, அழகான, திருத்தமான எழுத்து. "விளக்கம் இல்லைன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இதை வெச்சிக்கிட்டு இப்ப விளக்கம் இருக்குதுன்னா எப்படி ஏத்துக்குவாங்க? ஒரே வழிதான். அன்னிக்கே அந்தம்மா சொல்லிச்சு, தெரிஞ்சே நான்தான் எழுதலன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். குடுத்தா கேஸ் திரும்பும். ஆனா உங்க கதி என்னாகும்னு நான் சொல்லத் தேவையில்லை."

அன்று அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதியிருக்கலாம். பேனா சட்டைப்பையில் இருந்தது. "வூட்டுக்குப் போய் எழுதி அனுப்பறேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்து எழுதினார், கிழித்தார், எழுதினார். அவரிடம் பிடிபட்ட பதினோரு பேரும் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். பச்சியப்பன் யூனியன் ஆபீஸில் காபி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடுவதும் கண்ணில் தெரிந்தது. கடைசியில், மாணவி சொன்ன விளக்கம் 'கவனக்குறைவால் விடுபட்டுவிட்டது' என்று எழுதி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையில் பாதி உண்மை அஸ்கரிக்கு, பாதிப் பொய் தனக்கு. இருவரும் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

ஜூலை ஒன்று வந்தது, போனது. பத்தாம் தேதி பதில் வந்தது: கவனக்குறைவால் விடுபட்டவற்றைப் பின்னர் சேர்க்க விதிகளில் இடமில்லை.

அன்றைக்குத்தான் அவர் முழு உண்மையையும் எழுதினார். மாணவி விளக்கம் சொன்னாள், எனக்குப் புரிந்தது, அவளுடைய வீட்டு வழக்கம் என் வீட்டிலும் இருந்தது, என் ஜனத்துக்குச் சலுகை காட்டினேன் என்று பேச்சு வரும் என்பதற்குப் பயந்து தெரிந்தே பொய் எழுதினேன் என்று. ஒரே பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. எழுதி முடித்துச் சுல்தானாவிடம் படித்துக் காட்டினார். "ஜூன் மாசமே எழுதியிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். மூன்று மாதம் அவர் பயந்து பயந்து காப்பாற்றிய பெயருக்கு, அஸ்கரியின் வார்டன் வேலை விலையாகப் போய்விட்டிருந்தது.

நூர் பாஷாவைக் கண்காணிப்பு வேலையிலிருந்தும், தாள் திருத்தும் வேலையிலிருந்தும் ஆயுளுக்கும் நீக்கினார்கள். பள்ளிக்கும் ஒரு கண்டனக் குறிப்பு போனது. பாஷா வாத்தியார் பரீட்சையில் ஏதோ தில்லுமுல்லு பண்ணிவிட்டாராம் என்று ஊர் பேசியது. பச்சியப்பன் எதிர்ப்பட்ட இடத்திலெல்லாம், "என்னாங்க சார், உங்களுக்கு எத்தினி வருஷம் தடை?" என்று விசாரித்தார். நூர் பாஷா யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

அக்டோபரில் கடத்தூருக்கு அவர் மறுபடி போனது ராஜப்பன் போட்ட ஒரு கவரால்தான். அதில் அஸ்கரியின் தடையை நீக்கிய உத்தரவும், முடிவும் இருந்தன. வரலாறு, முதல் வகுப்பு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: உத்தரவைப் பெற்றுக்கொண்டதாக மாணவி தன் சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், வந்தால்தான் பட்டச் சான்றிதழ் அனுப்பப்படும். 'தபாலில் போட்டால் அவங்க வீட்டில் வாங்குவாங்களோ என்னவோ, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்' என்று ராஜப்பன் தனியாக எழுதியிருந்தார்.

ஒன்பது நோட்டையும் அந்தக் கவரையும் எடுத்துக்கொண்டு போனார். நசீருதீன் தொழுகைக்குப் போயிருந்தார். தையல் கடையில் அக்பர் அலி மட்டும் மிஷினில் இருந்தான். உத்தரவை வாங்கிப் படித்தான். முகம் ஒரு நொடி மலர்ந்து உடனே வாடியது.

"அக்கா இங்க இல்லைங்க சார். ஆகஸ்ட்லயே நிக்காஹ் ஆயிருச்சு. தொப்பூர்ல ரோட்டோரம் ஹோட்டல் வெச்சிருக்காரு, வயசானவரு, மூத்த சம்சாரம் தவறிப்போச்சு. வார்டன் வேலைக்கு வேற ஆள் போட்டாச்சுன்னு தெரிஞ்ச வாரமே அப்பா பேசி முடிச்சிட்டாருங்க."

தொப்பூர். புருஷன் லாரியோடு கவிழ்ந்த அதே கணவாய். லாரிக்காரர்களுக்கு அங்கே அவள் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறாள்.

"பொண்ணுங்க ரெண்டும்?"

"அக்கா கூடத்தானுங்க. பெரியவ ஆறாவது படிச்சிட்டிருந்தா, நிறுத்திட்டாங்க. படிச்சவ நிலைமையைப் பாத்தாச்சேன்னு அப்பாவும் சொல்லிட்டாரு."

நூர் பாஷா கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "இந்தச் சீட்டுல அவங்க கையெழுத்து வேணும். நான் தொப்பூர் போய்ட்டு வர்றேன்" என்றார்.

"வேணாங்க சார்," அக்பர் அலி பதறி எழுந்தான். "அந்த வூட்ல அக்கா படிச்சதே தெரியாது. தடை போட்டு ஆர்டர் வந்த விஷயம் தெரிஞ்சா இந்தக் கல்யாணமும் வேணாம்னு பண்ணாலும் பண்ணிடுவாங்க. உங்களை அங்க பாத்தா அக்காவுக்குத்தான் கஷ்டம். சர்ட்டிபிகேட் வந்தா நான் பத்திரமா வெச்சிருந்து என்னைக்காவது குடுத்துடறேன்."

சொல்லிவிட்டுத் துண்டுச் சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்பவும் போல நானே எழுதிடட்டுங்களா சார்?"

பையிலிருந்த ஒன்பது நோட்டும் கனத்தது. நூர் பாஷா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவனிடம் நீட்டினார்.

அக்பர் அலி துணி வெட்டும் பலகையில் சீட்டை வைத்து, குனிந்து, நிதானமாக எழுதினான். சின்னச் சின்ன, உருண்டையான, நேரான எழுத்து. உத்தரவைப் பெற்றுக்கொண்டேன். இப்படிக்கு, அஸ்கரி பேகம். நூர் பாஷா அதை வாங்கி மை காயும்வரை ஊதி, கவரில் போட்டு ஒட்டி, பஸ் ஸ்டாண்டுத் தபால்பெட்டியில் சேர்த்தார். அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. அந்தச் சீட்டைப் பல்கலைக்கழகத்தில் யாரும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.